மாணவர்களின் தொழில்திறன் நம்பிக்கையை அளப்பது எப்படி? கேள்வி எழுதுவதிலிருந்து எண்களைப் படிப்பது வரை

"நேர்காணலுக்கு நீங்கள் தயாரா?" என்று ஒரு வகுப்பில் கேட்டால் பெரும்பாலான கைகள் உயரும். அதே மாணவர்களிடம், "ஒரு பருவத்தில் மட்டும் உங்கள் மதிப்பெண் ஏன் சரிந்தது என்று கேட்டால், தடுமாறாமல் ஒரு நிமிடத்துக்குள் விளக்க உங்களால் முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், உயர்ந்த கைகளில் பல மெல்ல இறங்கிவிடும். இரண்டுமே நம்பிக்கையைப் பற்றிய கேள்விகள்தாம். ஆனால் முதல் கேள்வி மாணவரின் அப்போதைய மனநிலையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. இரண்டாவது கேள்விதான், குறிப்பிட்ட ஒரு செயலைத் தம்மால் செய்ய முடியுமா என்று அவர் மனத்துக்குள் போட்டுவைத்திருக்கும் கணக்கை வெளியே கொண்டுவருகிறது. தொழில் ஆலோசகர்கள், ஆசிரியர்கள், வேலைவாய்ப்புப் பயிற்சி நடத்துவோர், இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆகியோர் இந்த இரண்டாவது வகை அளவீட்டை முதலிலிருந்து எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு செயல் என்ன விளைவைத் தரும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வேறாக, அந்தச் செயலைச் செய்து முடிக்கும் தம் திறன்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தமிழில் இதைத் தன்திறன் நம்பிக்கை என்று சொல்லலாம். இது செயலுக்குச் செயல் மாறக்கூடியது. கணினியில் எந்த மென்பொருளையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வேன் என்று உறுதியாகச் சொல்லும் அதே மாணவர், முன்பின் அறியாத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து வேலைவாய்ப்பைப் பற்றி விசாரிக்கத் தயங்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து "இவருடைய தன்னம்பிக்கை நடுத்தரம்" என்று எழுதினால், அவருடைய பலமும் தெரியாது, தயக்கமும் தெரியாது.

நடைமுறையில் நான்கு வேறு பொருள்கள் இந்த அளவீட்டுக்குள் அடிக்கடி கலந்துவிடுகின்றன. "நான் மதிப்புள்ள மனிதன்" என்பது தன்மதிப்பு. "விற்பனைத் துறையில் பணியாற்ற எனக்குப் பிடிக்கும்" என்பது விருப்பம். "நல்ல ரெஸ்யூமே இருந்தால் நேர்காணலுக்கு அழைப்பு வரும்" என்பது விளைவைப் பற்றிய எதிர்பார்ப்பு. "அடுத்த மாதத்துக்குள் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பேன்" என்பது எண்ணம். இவை ஒவ்வொன்றும் அளக்கத் தக்கவைதாம். ஆனால் நாம் அளக்க வந்தது இவற்றை அன்று. "ஒரு பணி அறிவிப்பைப் படித்து, அதற்கு ஏற்றவாறு என் ரெஸ்யூமேயை மாற்றி எழுத என்னால் முடியும்" என்ற கூற்றுதான் நமக்கு வேண்டியது.

இந்த நம்பிக்கையை அளப்பதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நான்சி பெட்ஸ், கெயில் ஹாக்கெட் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வே பதில். கல்லூரி மாணவ மாணவியரிடம் 20 தொழில்களைக் கொடுத்து, அவற்றுக்கான படிப்பையும் பணியையும் தங்களால் செய்து முடிக்க முடியுமா என்று கேட்டார்கள். அவற்றில் பாதி, ஆண்கள் மிகுதியாக இருந்த தொழில்கள். மீதி, பெண்கள் மிகுதியாக இருந்தவை. மாணவர்களின் நம்பிக்கை இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. மாணவியரின் நம்பிக்கையோ ஆண்கள் மிகுந்த தொழில்களுக்கு வந்தபோது குறைந்தது. சோதித்து அறிந்த திறனில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லாதபோதே இது நிகழ்ந்தது. ஒருவர் எந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பார், எதைத் தட்டாமலேயே கடந்துபோவார் என்பதில் நம்பிக்கைக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது. பின்னர் 1994இல் லென்ட், பிரவுன், ஹாக்கெட் மூவரும் உருவாக்கிய சமூக அறிதல்சார் தொழில் கோட்பாடு, தன்திறன் நம்பிக்கை, விளைவு எதிர்பார்ப்பு, இலக்கு ஆகிய மூன்றையும் தன் மையத்தில் வைத்தது.

படி 2: முடிவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

தனி மாணவருக்கு ஆலோசனை சொல்வதற்காகவா, ஒரு பயிற்சி பயன் தந்ததா என்று பார்ப்பதற்காகவா, இரு பிரிவினரை ஒப்பிடுவதற்காகவா என்பதைக் கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். தனி மாணவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் அளவீடு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்; ஒவ்வொரு திறனுக்கும் பல கூற்றுகள் தேவைப்படும். குழுவின் சராசரி மட்டும் போதுமென்றால் குறைவான கூற்றுகளோடு சமாளிக்கலாம். எழுதிய அந்த ஒரு வரியைக் கடைசி வரை கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். "இதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடலாமே" என்று யாராவது சொல்லும்போது அந்த வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

படி 3: திறன்களைச் செயல்களாக உடையுங்கள்

தொழில் சார்ந்த திறன்கள் என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனித்தனிக் களங்கள் இருக்கின்றன. தனக்கேற்ற தொழிலைத் தேர்ந்தெடுக்கும் திறன் ஒன்று. தேர்ந்தெடுத்த தொழிலுக்குள் நுழைந்து அங்கே பணியாற்றும் திறன் மற்றொன்று.

முதல் களத்துக்கு ஏற்கெனவே நன்கு பயன்பட்டுவரும் கருவி உண்டு. கேரன் டெய்லர், நான்சி பெட்ஸ் இருவரும் 1983இல் உருவாக்கிய தொழில் முடிவெடுத்தல் தன்திறன் நம்பிக்கை அளவுகோலில் 50 கூற்றுகள் இருந்தன. ஜான் கிரைட்ஸ் முன்வைத்த தொழில் முதிர்ச்சி (தொழிலைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம்) என்ற கருத்திலிருந்து எடுத்த ஐந்து பிரிவுகளில் அவை அமைந்தன: தன்னைத் தானே சரியாக மதிப்பிடல், தொழில்களைப் பற்றிய தகவல் திரட்டல், இலக்கைத் தேர்ந்தெடுத்தல், திட்டமிடல், இடையில் வரும் சிக்கல்களைத் தீர்த்தல். 1996இல் இதன் சுருக்க வடிவம் வந்தது. பிரிவுக்கு 5 வீதம் 25 கூற்றுகள். உங்கள் தேவை இந்தக் களத்துக்குள் அடங்குமானால், புதிதாக எழுதுவதைவிட உரிமம் பெற்று இதைப் பயன்படுத்துவதே மேல். இது பதிப்புரிமை உள்ள கருவி என்பதால் இணையத்தில் கிடைக்கும் நகலை எடுத்து மாற்றிக்கொள்வது முறையாகாது.

இரண்டாவது களத்தில் பெரும்பாலும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். ஏனெனில் செவிலியர் பயிற்சியில் இருப்பவருக்கும் மென்பொருள் படிப்பவருக்கும் பணியிடச் செயல்கள் வேறு வேறு. "தொடர்புத் திறன்", "தலைமைப் பண்பு", "குழுப்பணி" போன்ற தலைப்புகளை அப்படியே கேள்வியாக்கிவிட வேண்டாம். ஒவ்வொரு தலைப்பையும், ஒருவர் செய்வதை மற்றொருவர் கண்ணால் பார்த்து "செய்தார்" அல்லது "செய்யவில்லை" என்று சொல்லக்கூடிய அளவுக்கு உடைத்துக்கொண்டே போங்கள்.

நேர்காணலை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தைப் பற்றி முன்கூட்டியே தகவல் சேகரிப்பது, தன்னை இரண்டு நிமிடங்களில் அறிமுகப்படுத்திக்கொள்வது, செய்த ஒரு திட்டப்பணியைத் துறை சாராதவருக்கும் புரியும்படி சொல்வது, விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு அதை எப்படிக் கண்டறிவேன் என்று விளக்குவது, ஊதியத்தைப் பற்றிப் பேசுவது, முடிவில் பொருளுள்ள ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது என அது ஆறு ஏழு செயல்களாகப் பிரியும். இப்படிப் பிரித்த பின்புதான், ஒரு வகுப்பு முழுவதும் நேர்காணலுக்கு அஞ்சுகிறது என்று நாம் எண்ணியிருந்தது உண்மையில் ஊதியப் பேச்சைக் குறித்த அச்சம் மட்டுமே என்பதுபோன்ற விவரங்கள் தெரியவரும். பணிகளை உடைக்கும் வேலையைத் தனியாக உட்கார்ந்து செய்யாமல், அந்தத் துறையில் புதியவர்களைப் பணிக்கு எடுப்பவர் ஒருவரையும், பணியில் சேர்ந்து ஓராண்டு ஆன ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. பின்னவர் சொல்வதே பெரும்பாலும் அதிகம் பயன்படும். முதல் ஆண்டில் எங்கெங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

படி 4: கூற்றுகளை எழுதுங்கள்

"முடியும்" என்ற சொல்லே அடிப்படை. "செய்வேன்" என்று எழுதினால் எண்ணத்தை அளக்கிறீர்கள். "செய்ய விரும்புகிறேன்" என்று எழுதினால் விருப்பத்தை அளக்கிறீர்கள். கேள்வித்தாளின் தொடக்கக் குறிப்பிலும், இனிமேல் ஒருநாள் முடியும் என்று நினைப்பதைக் கேட்கவில்லை, இன்றைக்கு முடியுமா என்பதையே கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கூற்றில் ஒரு செயல்தான் இருக்கலாம். "ரெஸ்யூமே எழுதவும் நேர்காணலில் பேசவும் என்னால் முடியும்" என்ற கூற்றுக்கு எழுதத் தெரிந்து பேசத் தெரியாதவர் என்ன விடை தருவார்? "சிறப்பாக", "திறம்பட", "நன்றாக" போன்ற அடைமொழிகளையும் நீக்கிவிடுங்கள். சிறப்பு என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். கண்டிப்பான மாணவர் குறைவாகவும் தாராளமானவர் கூடுதலாகவும் மதிப்பிடுவார்கள். அடைமொழிக்குப் பதிலாக, எவ்வளவு நேரத்தில், யார் முன்னால், யார் உதவியும் இல்லாமலா என்ற சூழ்நிலை விவரத்தைச் சேருங்கள்.

அடுத்தது கடினத்தின் ஏணி. தொடக்க காலத்தில் நான் எழுதிய ஒரு கேள்வித்தாளில், "குழுவில் மற்றவர்களோடு இணைந்து பணியாற்ற என்னால் முடியும்" என்று ஒரு கூற்று இருந்தது. ஏறத்தாழ எல்லோரும் உச்ச மதிப்பெண்ணை வட்டமிட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே விடையைத் தரும் கேள்வி எதையும் அளப்பதில்லை, காகிதத்தைத்தான் வீணாக்கும். அந்தக் கூற்றைப் பிறகு இப்படிப் படிகளாக்கினேன்:

- எனக்குத் தரப்பட்ட பங்கைக் குறித்த நேரத்தில் முடித்துக் குழுவிடம் ஒப்படைக்க என்னால் முடியும்.
- குழுவில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு முடிவில் எனக்கு உடன்பாடு இல்லையென்றால், அதைக் கூட்டத்திலேயே சொல்ல என்னால் முடியும்.
- தன் பங்கைச் செய்யாத ஒருவரிடம், உறவு முறியாமல், அதைப் பற்றி நேரடியாகப் பேச என்னால் முடியும்.
- கெடு முடிய ஒரு நாளே இருக்கும்போது ஒருவர் விலகிவிட்டால், அவருடைய வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுத்து முடிக்க என்னால் முடியும்.

மேலிருந்து கீழே வர வர விடைகள் பிரியத் தொடங்கின. ஒரு திறனுக்கு நான்கு முதல் ஆறு கூற்றுகள் போதும். அவற்றில் எளிதும் நடுத்தரமும் கடினமும் கலந்திருக்கட்டும்.

மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஆம்" போடுவதைப் பிடிப்பதற்காக, "என்னால் முடியாது" என்று முடியும் எதிர்மறைக் கூற்றுகளை இடையிடையே செருகும் வழக்கம் உண்டு. இந்த அளவீட்டில் அது உதவியைவிடக் குழப்பத்தையே அதிகம் தருகிறது என்பது என் கருத்து. "முடியாது" என்ற கூற்றுக்கு "உறுதியாக இல்லை" என்று விடையளிப்பதற்குள் மாணவர் இரண்டு முறை தலைகீழாக நின்றுவிடுகிறார்.

படி 5: விடை அளவைத் தேர்ந்தெடுங்கள்

பண்டூரா 2006இல் எழுதிய வழிகாட்டுதலில், 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஏறும் அளவைப் பரிந்துரைக்கிறார். 0 என்றால் என்னால் சிறிதும் முடியாது, 50 என்றால் ஓரளவு முடியும், 100 என்றால் மிக உறுதியாக முடியும். பலரும் இரு முனைகளையும் தவிர்ப்பதால், சில புள்ளிகளே உள்ள அளவு நடைமுறையில் ஒன்றிரண்டு புள்ளிகளாகச் சுருங்கி, நுட்பமான வேறுபாடுகள் மறைந்துவிடும் என்பது அவர் வாதம். நூற்று அளவுக்கு இன்னொரு பயனும் உண்டு: செய்து காட்டிய பணியின் மதிப்பெண்ணோடு அதை எளிதாக ஒப்பிடலாம். வயதில் சிறியவர்களுக்கும், எண்களில் பழக்கம் குறைந்தவர்களுக்கும் சொற்களால் பெயரிட்ட ஐந்து புள்ளி அளவே பொருந்தும்.

அளவைப் பயன்படுத்தப் பழக்கிவிடுவதும் முக்கியம். வெவ்வேறு எடைகளைத் தூக்க முடியுமா என்று கேட்கும் ஒரு பயிற்சிக் கேள்வியை அந்த வழிகாட்டுதலே முன்வைக்கிறது. 5 கிலோ, 25 கிலோ, 75 கிலோ என்று கொடுத்து ஒவ்வொன்றுக்கும் எண் போடச் சொன்னால், எண் இறங்குவது வெட்கப்படுவதற்குரிய விஷயம் இல்லை என்பது மாணவருக்கு இரண்டே நிமிடங்களில் விளங்கிவிடும்.

படி 6: பெரிய அளவில் கொடுப்பதற்கு முன் சோதியுங்கள்

முதலில் துறை அறிந்தவர்களிடம் காட்டி, ஒவ்வொரு கூற்றும் அவசியமா என்று கேளுங்கள். சார்லஸ் லாஷே 1975இல் தந்த எளிய கணக்கு இதற்கு உதவும்: அவசியம் என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்தில் பாதியைக் கழித்து, அந்தப் பாதியாலேயே வகுக்க வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் அவசியம் என்றால் விகிதம் 0.6. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு அவர் அட்டவணை கேட்பது 0.62, ஆகவே எட்டுப் பேரின் ஆதரவு போதாது, ஒன்பது பேர் வேண்டும். கணக்கைவிட, "அவசியம் இல்லை" என்றவர் அதற்குச் சொல்லும் காரணம்தான் பல நேரங்களில் அதிகம் கற்றுத்தரும்.

பிறகு ஐந்தாறு மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, கூற்றை வாய்விட்டுப் படித்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே எண்ணைப் போடச் சொல்லுங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். "வலைப்பின்னலை உருவாக்க என்னால் முடியும்" என்ற கூற்றைப் படிக்கும் மாணவர், தொழில்முறைத் தொடர்புகளை நினைக்காமல் கணினிக் கம்பிகளை நினைக்கலாம். அவர் போடும் 90 நமக்கு எதையும் சொல்லாது. வேற்றுமொழியில் இருந்த அளவுகோலைத் தமிழாக்கியிருந்தால், மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு அதை மறுபடி மூலமொழிக்குத் திருப்பி ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அந்த ஒப்பீட்டில் தேறிய வாக்கியம்கூட மாணவர் காதுக்கு அந்நியமாக ஒலிக்கலாம் என்பதால், வாய்விட்டுப் படிக்கும் சோதனையைத் தமிழ் வடிவத்துக்கும் செய்ய வேண்டும்.

படி 7: கேள்வித்தாளைக் கொடுக்கும் முறை

தாளின் தலைப்பில் "தன்னம்பிக்கைத் தேர்வு" என்று எழுதாதீர்கள். தேர்வு என்றாலே எல்லோரும் தேறப் பார்ப்பார்கள். "செயல்களைப் பற்றிய உங்கள் மதிப்பீடு" என்பதுபோல் நடுநிலையான பெயர் போதும். மதிப்பெண்ணோடு இதற்குத் தொடர்பு இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, உண்மையிலேயே தொடர்பு இருக்கக் கூடாது. பின்னர் அதே மாணவரை மீண்டும் அளக்க வேண்டியிருந்தால், பெயருக்குப் பதிலாக அவரே உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும் குறியீடு ஒன்றைப் பயன்படுத்தலாம்.

கைபேசியில் நிரப்பும் படிவமாக இருந்தால், பல கூற்றுகளை ஒரே கட்டத்துக்குள் அடுக்காமல் திரைக்கு ஒன்றாகக் காட்டுங்கள். கட்டமாகக் கொடுத்தால் ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழே விரலை இழுத்துவிட்டுப் போகும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. தேர்வு முடிவு வெளியான நாளிலும், வளாக வேலைவாய்ப்புத் தேர்வு நடக்கும் வாரத்திலும் அளக்காமல் இருப்பது நல்லது.

படி 8: மதிப்பெண் கணக்கிடுங்கள், பிழையின் அளவையும் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு திறனுக்கும் அதன் கூற்றுகளின் சராசரியைத் தனித்தனியே எடுங்கள். எல்லாத் திறன்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசையை, அறிக்கை கேட்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், அடக்கிக்கொள்ளுங்கள். சராசரிக்கு முன்பே விடைகளின் பரவலைப் பாருங்கள். ஒரு கூற்றில் பெரும்பாலோர் 90க்கு மேல் போட்டிருந்தால் அது எளிதாகிவிட்ட கூற்று.

ஒரே திறனுக்கான கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைச் சொல்வது, 1951இல் லீ கிரான்பாக் தந்த ஆல்ஃபா என்ற அளவு. 0.7க்கு மேல் இருந்தால் குழு அளவிலான பயன்பாட்டுக்குப் போதும் என்பது வழக்கமான கைக்கணக்கு. 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே வாக்கியத்தைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

ஆல்ஃபாவைக் கண்டுபிடித்து அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிட்டு மறந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். அதை வைத்துத்தான் தனி மாணவரைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்று முடிவுசெய்ய வேண்டும். ஒரு திறனில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15, ஆல்ஃபா 0.84 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 15ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 6 புள்ளிகள். ஒரே மாணவரை இருமுறை அளக்கும்போது இரண்டு அளவீடுகளின் பிழையும் சேர்வதால், வேறுபாட்டின் பிழை 6 பெருக்கல் 1.41 (இரண்டின் வர்க்கமூலம்), அதாவது ஏறத்தாழ 8.5. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற உறுதியோடு "இவர் மாறியிருக்கிறார்" என்று சொல்ல வேண்டுமானால் அதன் 1.96 மடங்கு, சுமார் 17 புள்ளிகள் மாறியிருக்க வேண்டும். 62லிருந்து 72க்கு உயர்ந்த மாணவரைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பத்துப் புள்ளி பயிற்சியின் பயன் என்று அறிக்கையில் எழுதிவிட முடியாது. நூறு பேரின் சராசரி பத்துப் புள்ளி உயர்ந்தால் அது வேறு கதை; அங்கே தனித்தனிப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

படி 9: நம்பிக்கையைச் செய்கையோடு சேர்த்துப் பாருங்கள்

பலர் எட்டாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள்; எனக்கோ உண்மையான அளவீடு இங்கேதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. நம்பிக்கை எண் தனியாக நின்றால் அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. 80 போட்ட மாணவர் உண்மையிலேயே வல்லவராக இருக்கலாம், அல்லது அந்தப் பணியின் கடினத்தை இன்னும் சந்திக்காதவராக இருக்கலாம்.

ஆகவே, கேள்வித்தாளில் உள்ள செயல்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, நம்பிக்கையைப் பதிவுசெய்த சில நாட்களுக்குள் அவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் "செய்து முடித்தார்" என்று எப்போது சொல்லலாம் என்ற வரையறையை முன்கூட்டியே எழுதிவையுங்கள். மதிப்பிடுபவர் இருவர் இருக்கட்டும். அவர்களுக்கு மாணவர் போட்ட எண் தெரியக் கூடாது. பிறகு மாணவரின் சராசரி நம்பிக்கையிலிருந்து அவர் செய்து முடித்த பணிகளின் விழுக்காட்டைக் கழியுங்கள்.

முதல் மாணவரின் சராசரி நம்பிக்கை 85, பத்தில் 6 பணிகளை முடித்தார். வேறுபாடு கூட்டல் 25. இரண்டாம் மாணவரின் நம்பிக்கை 45, பத்தில் 7ஐ முடித்தார். வேறுபாடு கழித்தல் 25. இருவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நம்பிக்கையும் 65, செய்கையும் 65. "எங்கள் மாணவர்கள் தங்களைத் துல்லியமாக அறிந்திருக்கிறார்கள்" என்று அறிக்கை எழுதிவிடலாம். உண்மையில் இருவருமே தங்களைத் தவறாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதைத் தவிர்க்க, கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காமல் வேறுபாட்டின் அளவை மட்டும் எடுத்து இன்னொரு சராசரியும் கணக்கிடுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் அது 25 என்று வரும். முதல் சராசரி குழு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும், இரண்டாவது எவ்வளவு தொலைவு விலகியிருக்கிறது என்றும் சொல்கின்றன, இரண்டும் வேண்டும்.

செய்கையைவிட நம்பிக்கை சற்று மேலே இருப்பது குறையன்று. சிறிதளவு மிகை நம்பிக்கையே ஒருவரைக் கடினமான முயற்சியில் இறங்கவும் தோல்விக்குப் பின் தொடரவும் வைக்கிறது என்று பண்டூராவே வாதிட்டார். 10 புள்ளி கூடுதலாக இருப்பவரை அடக்கிவைக்கத் தேவையில்லை. நம் கவனம் போக வேண்டிய இடம் எதிர்ப்பக்கம்: செய்யத் தெரிந்தும் முடியாது என்று நினைப்பவர்கள். மதிப்பெண் பட்டியலில் அவர்கள் நல்ல நிலையில் இருப்பதால் எந்த ஆசிரியர் கண்ணிலும் படமாட்டார்கள். விண்ணப்பமே போடாததால் எந்த நிறுவனத்தின் கண்ணிலும் படமாட்டார்கள்.

படி 10: பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது

பயிற்சிக்கு முன் 75 ஆக இருந்த சராசரி, பயிற்சிக்குப் பின் 70 ஆகக் குறைந்தால் பயிற்சி தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். ரெஸ்யூமே என்பது பெயரும் படிப்பும் எழுதும் தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போட்ட 75 வேறு. ஒவ்வொரு பணிக்கும் அதை மாற்றி எழுத வேண்டும் என்று தெரிந்த பின் போடும் 70 வேறு. மாணவர் கைவசம் இருந்த அளவுகோலே நீண்டுவிட்டது. ஜார்ஜ் ஹோவர்டும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் இந்தச் சிக்கலை எடுத்துக்காட்டி, பயிற்சி முடிந்த பின், "இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் உங்களால் எவ்வளவு முடிந்திருக்கும்?" என்று பின்னோக்கிக் கேட்கும் முறையைப் பரிசோதித்தார்கள். அதற்கும் குறை உண்டு. பயிற்றுநரை மகிழ்விக்க விரும்பும் மாணவர், பழைய தன்னைத் தேவைக்கு மேல் தாழ்த்திக் காட்டிவிடுவார். ஆகவே முன்பு, பின்பு, பின்னோக்கிய முன்பு என மூன்றையும் பதிவுசெய்து, செய்து காட்டிய பணியோடு எது அதிகம் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். செய்கை உயர்ந்து நம்பிக்கை இறங்கியிருந்தால் மாணவர் கற்றிருக்கிறார். இரண்டும் இறங்கியிருந்தால்தான் பயிற்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

மிகக் குறைந்த எண் போட்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தால், பயிற்சியே இல்லாவிட்டாலும் அவர்களுடைய சராசரி அடுத்த முறை சற்று உயரும். முதல் நாளில் தற்செயலாகக் கீழே விழுந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பதே காரணம். பயிற்சி பெறாத ஒத்த குழு ஒன்றையும் அளந்தால்தான் இந்தப் போலி உயர்வைக் கழிக்க முடியும்.

படி 11: முடிவை மாணவரிடம் திருப்பிக் கொடுங்கள்

நம்பிக்கை உருவாகும் ஊற்றுகள் நான்கு என்று பண்டூரா சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணுதல், நம்பத்தக்க ஒருவரின் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் தரும் அறிகுறிகள். இவற்றில் முதலாவதே வலிமை மிக்கது. எனவே ஒரு மாணவர் ஊதியப் பேச்சுக்கு 30 போட்டிருந்தால், அவருக்கு ஊக்கவுரை ஏற்பாடு செய்வதைவிட, நண்பரோடு ஐந்து நிமிட ஒத்திகை, பிறகு அறிமுகமில்லாத ஒருவரோடு ஒத்திகை என்று ஏணியில் ஏற்றுவது பயன் தரும். செய்யத் தெரிந்தும் குறைவாக மதிப்பிட்டவருக்கு, அவர் செய்து காட்டியதன் பதிவையும் அவர் போட்ட எண்ணையும் அருகருகே வைத்துக் காட்டுவதே போதுமான தொடக்கம். மிகையாக மதிப்பிட்டவரிடம் எண்ணைச் சுட்டிக்காட்டி வாதாட வேண்டாம். அவர் சற்றுத் தடுமாறும் அளவுக்குக் கடினமான பணி ஒன்றைக் கொடுத்து, முடிந்த பின் எண்ணைத் திருத்திக்கொள்ள விரும்புகிறாரா என்று கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே செயல்களுக்கு மீண்டும் எண் போடச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த கையோடு போடும் எண்ணில் அன்றைய கைதட்டலின் சூடும் கலந்திருக்கும். மூன்று மாதத்தில் அது ஆறியிருக்கும். இடையில் எந்தக் கூற்றின் சொல்லையாவது மாற்றியிருந்தால், அது எவ்வளவு நல்ல திருத்தமாக இருந்தாலும், அந்தக் கூற்றைப் பழைய எண்ணோடு ஒப்பிடாமல் புதிய கணக்காகத் தொடங்குங்கள்.